லீபான் பெண் கேட்ட கதை

மினியாபொலிஸில் பஸ் ஓட்டும் லீபானுக்கு ஆங்கிலத்தில் வாய் நீளம். தாய்மொழியான சோமாலியில் வாயைத் திறந்தால் டீக்கடையே சிரிக்கும். கைக்குழந்தையாக அகதிகளோடு வந்து இறங்கியவன் என்ற கரிசனமெல்லாம் அங்கே கிடையாது.

"வாய்க்குள்ள என்னடா, சுடச்சுட சம்பூசாவா? முழுங்கிட்டுப் பேசு!" என்பார் ஒருவர்.

"ஊருக்கு அனுப்பி ஒட்டகம் மேய்க்க விட்டா எல்லாம் சரியாயிடும்" என்பார் இன்னொருவர். அவர் ஒட்டகத்தைத் தொட்டுக்கூடப் பார்த்திராதவர்.

இந்தக் கேலியோடேயே காலத்தை ஓட்டியிருப்பான். தீகாவைக் காதலித்ததுதான் வினையாகப் போயிற்று. அவளுடைய அப்பா வார்ஃபா பள்ளிவாசலில் ஊரறியச் சொல்லிவிட்டார்: "தாய்மொழி பேசத் தெரியாதவனுக்கு என் பொண்ணு கிடையாது."

பெண் கேட்கும் அன்று நன்றாகப் பேசினால் தீகா, உளறினால் தீகா இல்லை என்று லீபான் முடிவு கட்டிக்கொண்டான். குளிர்காலம் முழுக்கப் பழைய வானொலிப் பதிவுகளைக் கேட்டான். சிவப்பு விளக்கு விழும்போதெல்லாம் ஸ்டீயரிங்கைப் பார்த்துப் பேசினான். மழை, கிணறு, கன்றைத் தேடி இருட்டில் திரும்பி வரும் ஒட்டகம் எல்லாம் சேர்ந்து அருமையான பேச்சு ஒன்று தயாரானது. பயணிகள் சிலர் முன்னிருக்கையை விட்டு எழுந்து பின்னால் போய் உட்கார்ந்தார்கள்.

அந்த நாளும் வந்தது. வார்ஃபா வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு இறங்கப்போனவனைப் பெரியப்பா சமதார் தடுத்தார்.

"நீ எங்கடா கெளம்பிட்ட?"

"பொண்ணு கேக்க வேண்டாமா பெரியப்பா?"

"மாப்பிள்ளையே போய்க் கேக்குறதுக்கு நாங்கல்லாம் செத்தா போயிட்டோம்? பெரியவங்க பேசுற எடத்துல உனக்கென்ன வேலை? ஹீட்டரப் போட்டுட்டுப் பேசாம உக்காரு."

பெண்ணை எப்படிக் கேட்பது என்று விழுந்து விழுந்து படித்தவன், யார் கேட்பது என்று ஒரு வார்த்தை விசாரித்திருக்கலாம். பாவம்.

உள்ளே டீயும் பேச்சுமாகப் பொழுது போய்ச் சம்மதமும் ஆயிற்று. வழியனுப்ப வந்த வார்ஃபா காருக்குள் எட்டிப் பார்த்தார்.

"அடடா, இப்படிப் பேசுற குடும்பத்துப் பையன் சோடை போவானா! பாருங்க, வாயே தொறக்கல. அடக்கம்னா இதுதான்."

லீபான் வாயைத் திறக்கப் போனான். பெரியப்பா முறைத்தார்.

பெரியவர்கள் படியில் நின்று விடைபெற்றுக்கொண்டிருந்தபோது தீகா தட்டில் அல்வாவோடு கார் ஜன்னலுக்கு வந்தாள். அவனால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. மொத்தப் பேச்சையும் அவளிடமே சொல்லிவிட்டான். ஓர் இடத்திலும் நாக்கு தடுமாறவில்லை. சொல்லி முடித்தபோது அவனுக்கே கண் கலங்கியது.

"ரொம்ப அழகா இருந்துச்சு லீபான்" என்றாள் அவள், ஆங்கிலத்தில். "என்ன அர்த்தம்?"

அவர்கள் காதலித்தது முழுக்க ஆங்கிலத்தில்தான். அவளுடைய சோமாலி சாப்பாட்டு மேசையோடு சரி. வரப்போகும் மாப்பிள்ளையிடம் கேட்டதை வார்ஃபா சொந்த மகளிடம் கேட்டதேயில்லை.

லீபான் சொல்லத் தொடங்கினான். ஒரு ஒட்டகம் இருக்கிறது, அதற்கு ஒரு கன்று இருக்கிறது என்றான். நிறுத்தினான். வேறு மாதிரி ஆரம்பித்தான். அதுவும் சரிப்படவில்லை. தீகா தட்டை ஏந்தியபடி பனியில் காத்துக்கொண்டு நின்றாள். லீபான் வாழ்க்கையிலேயே முதல் முறையாக ஆங்கிலம் வராமல் விழித்தான்.