மழையில்லாமல் ஒழுகிய கூரை

மலாயாவில் தெப்ராவ் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில், ரப்பர் தாள்களுக்குப் புகைபோடும் கொட்டகைக்குக் காவல், அடுப்பு, விறகு எல்லாமே ஐயாசாமிதான். 1912இல் கப்பலேறி வந்து, பதினாறு வருஷம் பால் வெட்டினார். ஒருநாள் மேட்டில் சறுக்கி முட்டி மடங்கியது. பிறகு நேராகவே இல்லை. தோட்டம் பெரிய மனசு பண்ணி, ஆயுசு முழுக்க உட்கார்ந்து இருமுகிற உத்தியோகத்தை அவருக்குக் கொடுத்தது.

கொட்டகைக்கு ஓலைக்கூரை இருந்தவரை வம்பில்லை. நாகரிகம் பொறுக்கவில்லை. தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஓலையைப் பிடுங்கித் தகரம் போட்டார். மறுநாள் விடியற்காலையிலிருந்து கூரை உள்ளே சொட்டத் தொடங்கியது. கீழே தொங்கிய தாள்களெல்லாம் பழுப்புப் பொட்டு வைத்துக்கொண்டன.

“ஓட்டை” என்றார் துரை. ஆணித்துளைகளுக்குத் தார் பூசினார்கள். சொட்டியது. முகட்டில் புகை வெளியேறும் வாய்களையும் அடைத்துப் பூசினார்கள். இரண்டு மடங்கு சொட்டியது. பசியாறி முடித்துப் பத்து மணிக்குத்தான் துரை வருவார். அதற்குள் தகரத்தில் வெயில் ஏறிவிடும். ஒரு சொட்டு விழாது. கூரை யோக்கியன், ஆகவே ஆள்தான் அயோக்கியன் என்று அவருக்குப் பட்டது.

அது 1931. ரப்பர் விலை விழுந்து, ஆட்களைக் குறைத்து நாகப்பட்டினத்துக்கு அனுப்பப் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தார்கள். முதல் பெயர் ஐயாசாமி.

“அங்க நமக்கு யாரு இருக்கா?” என்றாள் மனைவி கருப்பாயி. “இந்த முட்டியக் காட்டி யாருகிட்ட வேலை கேப்பீங்க?”

“ஓட்டை இல்ல புள்ள. பச்சைத் தாளு ஆவி விடுது. சில்லுன்னு இருக்கிற தகரத்துல அது பட்டுத் தண்ணியாவுது. சோத்துப்பானை மூடியப் பாத்ததில்லையா?”

“நான் பாத்திருக்கேன். துரை சோறு வடிச்சிருக்காரா?”

அந்தக் கேள்வி அவரை உறங்கவிடவில்லை. காலையில் அய்யூப் கடைக்குப் போய்த் துணிக்குப் போடும் நீலம் நாலு பொட்டலம் வாங்கினார். தொட்டியில் கரைத்தார். பத்து மணிக்குத் துரையும் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி ஜெயபாலனும் வந்தபோது கருப்பாயி ஏணிமேல் வாளியோடு நின்றாள்.

“அலமாக்! இது என்னய்யா கூத்து?” என்றார் கிராணி.

“ஓட்டை இருந்தா உள்ள நீலமாச் சொட்டணுங்கய்யா. துரைகிட்டச் சொல்லுங்க.”

கிராணி இங்கிலீஷில் ஏதோ குழைந்தார். துரை கடிகாரத்தைப் பார்த்துத் தலையசைத்தார். ஐயாசாமி தம்மிடமிருந்த ஒரே வெள்ளை வேட்டியைக் கொட்டகைக்குள் தரையில் விரித்தார். மேலே கருப்பாயி வாளி வாளியாக ஊற்றினாள். கிணற்றுத் தண்ணீர் பட்டுத் தகரம் குளிர்ந்தது. உள்ளே வழக்கமாக விடியற்காலையில் நடப்பது, துரைக்கு மரியாதை செய்வதுபோல் பத்து மணிக்கே நடந்தது. தகரத்தின் அடிப்புறம் முத்து முத்தாக வியர்த்தது. டொக், டொக். வேட்டியெல்லாம் பழுப்பு, நீலம் மருந்துக்குக்கூட இல்லை. வெளியே இறவாணத்தில் மட்டும் நீலம் அருவியாகக் கொட்டியது.

துரை வேட்டியைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். கிராணியிடம் ஏதோ சொன்னார்.

“துரைக்கு ஆரம்பத்துலயே சந்தேகமாம்” என்று மொழிபெயர்த்தார் கிராணி. “முகட்டு வாயைத் தெறக்கச் சொல்றாரு. தகரத்துக்கு அடியில ஓலை வேயணுமாம். அவரே யோசிச்சாராம்.”

“துரை மூளையே மூளைங்க” என்றார் ஐயாசாமி. “பட்டியல்?”

சாயங்காலம் ஆபீசில் கிராணி பேனாவால் ஒரு கோடு இழுத்தார். ஐயாசாமி நகரவில்லை.

“இன்னும் என்னய்யா?”

“எனக்கு எழுத்துத் தெரியாதுங்க. அடிச்சது என் பேருதானா?”

“உன் பேருதான்யா!”

“கோவிச்சுக்காதீங்க. மிச்சப் பேரையெல்லாம் கொஞ்சம் படிச்சிருங்களேன்.”

கிராணி பல்லைக் கடித்துக்கொண்டு பத்தொன்பது பெயர்களையும் படித்தார். ஐயாசாமி விரல் மடக்கி, ஒவ்வொன்றாகக் கேட்டார். கடைசிப் பெயரும் தம்முடையது இல்லை என்று ஆனபின், அடுப்புக்கு விறகு தள்ளக் கிளம்பினார்.