மெஹர்பானுவின் வாயும் வண்டி நம்பரும்

மெஹர்பானுவின் காதில் போட்டது கிணற்றில் போட்ட கல் என்று கீழக்கரையில் சொல்வார்கள். துபாய்க்கு வந்து இருபத்தொரு வருஷம் ஆகியும் அந்தப் பேர் கெடவில்லை. அல் குசைஸில் அவள் குடியிருந்த கட்டடத்துப் பெண்கள் எல்லாரும் அவளிடம் வந்துதான் மனசைக் கொட்டுவார்கள். வேலை போனதை எவள் புருஷன் ஊருக்கு மறைக்கிறான், எவள் மகன் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் ஏமாற்றுகிறான், எல்லாம் அவளுக்குத் தெரியும். கேட்டபடியே வெங்காயம் உரிப்பாள். உரித்து முடித்ததும் தோலோடு சேர்த்து அந்தப் பேச்சையும் குப்பையில் போட்டுவிடுவாள். புருஷன் அப்துல் ஹாதிக்குக்கூட அதில் ஒரு துணுக்கு கிடைக்காது.

"ஒன் வாயத் தொறக்க போலீஸுதான் வரணும்" என்பார் அவர்.

"போலீஸு வந்தா டீ போட்டுக் குடுப்பேன்" என்பாள்.

அப்படிப்பட்டவள்தான் தன் தங்கையைக் காட்டிக்கொடுத்தவள் என்று பேர் வாங்கினாள். எப்படி வாங்கினாள் என்பதைக் கேட்டால் வயிறு எரியும்.

தங்கை அப்ஸானாவும் இதே துபாயில்தான் வாழ்க்கைப்பட்டாள். மாப்பிள்ளை கலீலுர் ரஹ்மான், அப்துல் ஹாதிக்கு மாமி மகன். இரண்டு பேரும் சேர்ந்து பெட்டி, பை விற்கும் கடை வைத்திருந்தார்கள். கடையில் கலீல் வாடிக்கையாளரிடம் தேனாகப் பேசுவான். வீட்டுக்குள் போனால் வேறு ஆள். அப்ஸானாவின் இடது மணிக்கட்டு உடைந்து, கூடி வந்தபோது கொஞ்சம் கோணலாகவே கூடியது. குளியலறையில் வழுக்கிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னாள். இரண்டாம் தடவை வழுக்குவதற்கு முன்னால் ஒரு பையோடு வீட்டை விட்டு வெளியேறிவிட்டாள்.

ஒரு நர்சரியில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. விசாவும் அவர்களே போட்டார்கள். அந்நஹ்தாவில், கீழே பெரிய சூப்பர்மார்க்கெட் உள்ள ஒரு கட்டடத்தின் எட்டாவது மாடியில், நாலு பெண்களோடு ஓர் அறையில் கட்டில் பிடித்துக்கொண்டாள். அந்த இடம் தெரிந்தது அக்கா ஒருத்திக்கு மட்டும்.

"லாத்தா, மச்சானுக்குக் கூடத் தெரியக் கூடாது. அவங்க நல்லவங்கதான். ஆனா அவன் கேட்டா மறைக்கத் தெரியாது."

"நான் யாருகிட்டயாவது ஏதாவது சொல்லியிருக்கேனா?"

"அதனாலதான் ஒன்கிட்ட சொல்றேன்."

கலீல் சும்மா இருக்கவில்லை. கடையில் வைத்தே அப்துல் ஹாதியைக் குடைவான். "மச்சான், அவளக் கூட்டி வரணும்கூட இல்ல. எங்க இருக்கான்னு தெரிஞ்சாப் போதும். மத்தத நான் பாத்துக்குறேன்." அந்த 'மத்தத' என்ற சொல்லை அப்துல் ஹாதி வீட்டில் வந்து சாதாரணமாகச் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த மெஹர்பானு அடுப்பை அணைத்தாள்.

சனிக்கிழமைதோறும் தங்கையைப் பார்க்கப் போவாள். மீன் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு உண்மையிலேயே முதலில் மீன் வாங்குவாள். ஐஸ் பெட்டியில் போட்டு வண்டியின் பின்னால் வைப்பாள். ஐந்து தடவை தோற்று, ஆறாம் தடவை லைசென்ஸ் எடுத்தவள் அவள். வண்டி அவள் பேரில்தான் இருந்தது, பழைய வெள்ளை நிசான். கைபேசியை வீட்டில் மறந்ததுபோல் வைத்துவிட்டுப் போவாள். கைபேசி இருந்தால் இருக்கும் இடம் தெரிந்துவிடும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். கட்டடத்தின் அடித்தளத்தில் வண்டியை நிறுத்தி, வெளியே வரும்போது அங்குள்ள மெஷினில் சில்லறைக் காசு போட்டுவிட்டு வருவாள். கார்டு தேய்க்க மாட்டாள். தேய்த்தால் புருஷனுக்கு மெசேஜ் போகும். ஒரு திருடன்கூட இத்தனை சூதானமாக இருந்திருக்க மாட்டான்.

எட்டாவது மாடியில் இரண்டு பேரும் கட்டிலில் உட்கார்ந்து பேசுவார்கள். பாதி மீன் தங்கைக்கு.

"லாத்தா, ஒன் ரகசியம் எட்டு மாடிக்கும் நாறுது" என்பாள் அப்ஸானா.

"நாறட்டும். வாவல் மீனு. தின்னுட்டு ஒடம்பத் தேத்து."

ஏழு சனிக்கிழமை இப்படிப் போயிற்று. தங்கையின் கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்தது.

எட்டாவது சனிக்கிழமை, வழக்கம்போல் அப்ஸானா அக்காவை வழியனுப்ப லிஃப்ட்டில் கீழே வந்தாள். வெள்ளை நிசானின் மேல் சாய்ந்துகொண்டு நின்றிருந்தான் கலீல்.

"வாம்மா. வீடு நல்லாருக்கா? எட்டு மாடிக் கட்டடம், கீழயே கடைகண்ணி. வசதிதான்" என்றான். பிறகு மெஹர்பானுவைப் பார்த்துத் தலையைச் சாய்த்தான். "ரொம்ப நன்றி மச்சி. நீங்க வழி சொல்லலேன்னா நான் எங்க தேடியிருப்பேன்?"

அப்ஸானா திரும்பி அக்காவைப் பார்த்தாள்.

நான் சொல்லவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மெஹர்பானுவின் வாய் திறக்கவில்லை. அவன் எப்படி வந்தான் என்பதே அவளுக்குப் புரியவில்லை, திகைத்து நின்றுவிட்டாள். வாழ்நாளெல்லாம் மூடி மூடிப் பழகிய வாய், திறக்க வேண்டிய ஒரே நேரத்திலும் மூடியே கிடந்தது. கலீல் தங்கையின் கையைப் பிடித்தான், அந்தக் கோணல் மணிக்கட்டை. அவள் போட்ட சத்தத்தில் நேபாளி வாட்ச்மேன் ஓடி வந்து நடுவில் நின்றான். அப்ஸானா உதறிக்கொண்டு லிஃப்ட்டுக்குள் ஓடினாள்.

"போ, போ. எடம் தெரிஞ்சாச்சு" என்றான் கலீல். அவசரமில்லாமல் நடந்து போனான்.

வீட்டுக்கு வந்ததும் மெஹர்பானு கணவரின் முன்னால் நின்றாள்.

"நான் வண்டியில அந்நஹ்தாவுக்குப் போறத கலீலுக்கு யாரு சொன்னா?"

அப்துல் ஹாதி கைபேசியை எடுத்துத் தேடினார். "என்னமோ ஒரு மெசேஜ் வந்துச்சு. இங்கிலீஷுல இருந்துச்சு. ஃபைன் போட்டுட்டானோன்னு பயந்து, இது என்னன்னு பாருன்னு கலீல்கிட்டதான் குடுத்தேன். கடையில எப்பவும் அவன்தானே படிப்பான்? ஒண்ணுமில்ல மச்சான், விளம்பரம்னு சொன்னான்."

விளம்பரம்தான். பக்கத்து வீட்டு ஹிஃப்ஸா கல்லூரியில் படிக்கும் பெண், அவள் படித்துச் சொன்னாள். அந்த அடித்தளத்தை ஒரு தனியார் பார்க்கிங் கம்பெனி எடுத்து நடத்துகிறதாம். அன்புள்ள வாடிக்கையாளரே, உங்கள் வண்டி இன்ன கட்டடத்துக்கு ஏழு சனிக்கிழமைகள் மாலை நாலு மணி வாக்கில் வந்திருக்கிறது, மாதப் பாஸ் எடுத்தால் உங்களுக்குத் தனிச் சலுகை. கட்டடத்தின் பேர், வண்டி நம்பர், எல்லாம் கச்சிதமாக இருந்தன. கடைசியில் ஒரு சிரித்த முகம் வேறு.

திங்கட்கிழமை மெஹர்பானு எட்டாவது மாடிக்கு ஏறினாள். கட்டில் காலி. வேலையையும் விட்டுவிட்டாள், எங்கே போனாள் என்று தெரியாது என்றார்கள் அறைப் பெண்கள். சனிக்கிழமை அக்கா மேலேயே மறந்து விட்டுவந்த ஐஸ் பெட்டியைக் கழுவி, துடைத்து, அக்காவிடம் கொடுக்கச் சொல்லி வைத்துவிட்டுப் போயிருந்தாள். வேறு ஒரு சொல்லும் இல்லை.

அந்த ஐஸ் பெட்டியைக் கையில் பிடித்தபடியே அடித்தளத்தில் இருந்த பார்க்கிங் கம்பெனியின் கவுண்ட்டருக்குப் போனாள். உள்ளே அன்பரசன் என்ற பையன் இருந்தான். விருதுநகர் பக்கம். தமிழைக் கேட்டதும் எழுந்து நின்றான்.

"தம்பி, என் புருஷன் நம்பர ஒங்களுக்கு யாரு குடுத்தா?"

"யாரும் குடுக்கலம்மா. வண்டி உள்ள வந்ததும் கேமரா நம்பர் பிளேட்டப் படிச்சிரும். அத வச்சு கவர்மெண்ட் ரெக்கார்டுல கேட்டா போன் நம்பர் வந்துரும். எங்களுக்கு பெர்மிஷன் இருக்கு."

"நான் காசு பாக்கி வைக்கலியே. ஒவ்வொரு தடவையும் மெஷின்ல போட்டேனே."

"பாக்கிக்கு இல்லம்மா, இது ஆஃபரு. அடிக்கடி வர்ற கஸ்டமருக்கு ஒரு சௌகரியம்."

"சௌகரியமா?" அவள் குரல் உயரவில்லை. "வண்டி ஏம்பேருல இருக்கு. எனக்குச் சொல்லாம என் வீட்டு ஆம்பளைக்கு ஏன் சொன்னீங்க?"

அன்பரசன் திரையைப் பார்த்தான். "ரெக்கார்டுல அந்த நம்பர்தானே இருக்கு. பதியும்போது நீங்க குடுத்ததுதான்."

அவள்தான் கொடுத்தாள். நாலு வருஷத்துக்கு முன்னால், வண்டியைப் பதியும் இடத்தில், மொபைல் நம்பர் என்ன என்று கேட்டார்கள். யோசிக்காமல் அப்துல் ஹாதியின் நம்பரைச் சொன்னாள். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கியாஸ் என்று எந்தத் தாளில் நம்பர் கேட்டாலும் அவள் ஊர்ப் பெண்கள் அப்படித்தான் சொல்வார்கள், புருஷன் நம்பரை. அது மரியாதை. தன் நம்பர் அவளுக்கு மனப்பாடமாகக்கூடத் தெரியாது. தன்னைத் தானே யாரும் கூப்பிடுவதில்லையே.

"சரி தம்பி. ஒரு ஒதவி செய். ஏழு வாரமும் வண்டி வந்தது, நீங்க மெசேஜ் அனுப்புனது, எல்லாத்தையும் ஒரு தாளுல அடிச்சுக் குடு. என் தங்கச்சிகிட்ட காட்டணும். நான் சொல்லல, நீங்கதான் சொன்னீங்கன்னு அவளுக்குத் தெரியணும்."

பையன் நிஜமாகவே சங்கடப்பட்டான். "முடியாதும்மா. ரெக்கார்டுல உள்ள நம்பருக்கு ஒரு ரகசிய நம்பர் அனுப்புவோம், அதச் சொன்னாத்தான் தருவோம். வேற ஆளுக்குக் குடுக்க முடியாது. பிரைவசி ரூல்."



"பூட்டு நல்லாத்தான் இருக்கு. கதவுதான் இல்ல" என்று சொல்லிவிட்டு ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

அந்த வாரமே வண்டி பதிவு செய்யும் இடத்துக்குப் போனாள். தன் நம்பரை ஒரு சீட்டில் எழுதி, போகும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்தாள். கவுண்ட்டரில் சீட்டைப் பார்க்காமலே சொன்னாள். மாற்றிக் கொடுத்தார்கள், ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. கடையில் கலீலோடு கூட்டு இனி வேண்டாம் என்று வீட்டில் சொன்னாள். அப்துல் ஹாதி கடைக்குக் கிளம்பிப் போனார். இன்றுவரை இரண்டு பேரும் ஒரே கல்லாவில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஊரில் பேச்சு நிற்கவில்லை. அக்காளே தங்கச்சியைக் காட்டிக்கொடுத்தாள் என்று கலீல் தொடங்கியதை நூறு பேர் முடித்துவைத்தார்கள். கட்டடத்துப் பெண்கள் சலாம் சொன்னார்கள், உள்ளே வந்து உட்காரவில்லை. மெஹர்பானு தனியாக வெங்காயம் உரித்தாள்.

ஒன்றரை மாதம் கழித்துப் புது நம்பரிலிருந்து அழைப்பு வந்தது.

"லாத்தா."

"நான் சொல்லலம்மா. வண்டி..." என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள் மெஹர்பானு.

"நீ சொல்லியிருக்க மாட்டேன்னு எனக்கும் மறுநாளே தோணிச்சு" என்றாள் அப்ஸானா. "ஆனா நீ வந்ததாலதான் அவன் வந்தான், இல்லியா? நல்லாருக்கேன். வேலை கெடச்சிருக்கு. எங்கேன்னு கேக்காத. நான் சொல்ல மாட்டேன்."

"கேக்கலம்மா."

"கோவிச்சுக்காத லாத்தா."

"இல்ல. மீனு கெடைக்குதா அங்க?"

"கெடைக்குது. நீ கழுவுற மாதிரி யாருக்கும் கழுவத் தெரியல."

தங்கையின் குரலுக்குப் பின்னணியில் ஒரு சத்தம் விடாமல் கேட்டது. அது எந்த ஊர்ச் சத்தம் என்று மெஹர்பானுவுக்கு உடனே புரிந்துவிட்டது. வண்டியை எடுத்தால் போய்ச் சேர்ந்துவிடக் கூடிய தூரம்தான். அவள் போகவில்லை. அந்த ஊரின் பேரை இங்கேயும் சொல்லப்போவதில்லை.

போன சனிக்கிழமை மத்தியானம் அவள் கைபேசி ஒலித்தது. இங்கிலீஷ் மெசேஜ். படிக்கத் தெரியாவிட்டாலும் மேலே இருந்த படத்தை அடையாளம் கண்டுகொண்டாள். அடித்தளத்து பார்க்கிங் கவுண்ட்டரின் தலைக்கு மேல் தொங்கிய அதே படம், கடைசியில் அதே சிரித்த முகம். பதிவில் மாற்றிய நம்பரும் அவர்களிடம் போய்ச் சேர்ந்திருந்தது.

"யாரு மெசேஜு? குடு, கலீல்கிட்ட காட்டி என்னன்னு கேக்குறேன்" என்றார் அப்துல் ஹாதி, பழக்கதோஷத்தில் கையை நீட்டி.

மெஹர்பானு கைபேசியைத் துப்பட்டிக்குள் செருகிக்கொண்டாள்.

"எனக்கு வந்தது" என்றாள்.