நட்சத்திரம் போட்ட தாத்தா

எங்கள் வீட்டில் ஆங்கில எழுத்து அழகாக வருவது எனக்கு மட்டும்தான். பதினோரு வயதில் அந்தக் கர்வம் கொஞ்சநஞ்சமில்லை. அதனால் அப்பாவின் இலங்கைப் பிரஜாவுரிமை விண்ணப்பத்தை நிரப்பும் வேலையும் எனக்கே வந்தது.

எங்கள் எல்கடுவத் தேயிலைத் தோட்டத்தில் வெள்ளைக்காரத் துரை பங்களாவைக் காலி செய்தபோது விட்டுப்போன தடித்த அகராதி ஒன்றை மாமா தூக்கி வந்து, சட்டை மடிப்புக் கலையாமலிருக்க மேலே பாரமாக வைத்திருந்தார். நான் அதைப் படித்தேன். மகளைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் ஆதி வடிவம் 'துஹ்தேர்' என்று போட்டிருந்தது. ஆங்கிலம், ஜெர்மன் எல்லாம் பிறந்த மூத்த மொழியின் சொல்லாம். பெண்பால். அப்பா, அம்மா, சகோதரன், சகோதரி, மகள் ஆகிய ஐந்து சொற்களும் வேற்றுமையில் ஒரே மாதிரித் திரியும்; மகன் மட்டும் வேறு கூட்டம். இதைச் சொல்லியே தம்பியை இரண்டு நாள் அழவைத்தேன்.

அந்தச் சொல்லின் தலையில் ஒரு நட்சத்திரம் இருந்தது. அதற்கு அகராதியின் முன்பக்கத்தில் விளக்கம்: எழுத்தில் எங்கும் கிடைக்காத சொல்; ஆனால் அதன் வழிவந்த சொற்கள் இன்றும் வழங்குவதால், அது இருந்திருக்கத்தான் வேண்டும்.

விண்ணப்பத்தில் தாத்தாவின் பிறப்புப் பதிவு எண்ணைக் கேட்டிருந்தார்கள். தாத்தா இதே தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்தவர்; யாரும் பதியவில்லை. அவர் இங்கே பிறந்ததைக் காட்டாவிட்டால் எங்களுக்கு உரிமை கிடையாது. நான் யோசிக்கவேயில்லை. ஒரு நட்சத்திரம் போட்டேன்.

மாத்தளையின் அரசாங்க அலுவலகமான கச்சேரியில் இருந்த அதிகாரி யாழ்ப்பாணத்துக்காரர்.

"இதென்ன பிள்ளை, பூ கீறி வச்சிருக்கிறீர்?"

"பூ இல்லீங்க சார், நட்சத்திரம். எழுதி வச்சது கெடைக்கல. ஆனா பேரப்புள்ளைங்க நாங்க இருக்கோமே. அப்ப தாத்தாவும் இங்கதானே பொறந்திருக்கணும்?"

துஹ்தேர் கதையையும் மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். அவர் சிரிக்கவில்லை. அப்பாவைப் பார்த்தார்.

"பிள்ளை சொல்லுறது சரிதான், ஐயா. ஆனா அதுக்குப் படிவத்தில இடமில்லை" என்று தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

பஸ்ஸில் எல்கடுவ வரும்வரை அப்பா என் கையை விடவில்லை. கச்சேரி ஐயாவே நான் சொன்னது சரியென்று சொல்லிவிட்டதாக லயம் முழுக்கப் பறைசாற்றினேன். அப்பா மறுக்கவில்லை.

"ஆமா, எம்மக சொன்னத சரின்னுட்டாரு" என்றார், கேட்டவர்களிடமெல்லாம்.

அவரும் பெருமையாகத்தான் சொன்னார். அன்று நாங்கள் தோற்றுத் திரும்பியிருந்தோம் என்பது எனக்குப் பல வருஷம் தெரியாது.