என் செல்லோவை அவர் வாசித்த மாலை

அந்தச் சனிக்கிழமை காலை நாலரை மணிக்கே எழுந்துவிட்டேன். தொழிற்சாலையில் முதல் ஷிப்ட். ஸ்டோர்ஸில் வேலை. மாலைக் கச்சேரிக்காக அரைநாள் விடுப்பு கேட்டிருந்தேன். பத்தரைக்கு விடுகிறேன் என்ற சூப்பர்வைசர், பன்னிரண்டு மணிக்குத்தான் விட்டார். அதற்குள் இரண்டு லாரி சரக்கை இறக்கி அடுக்கியாகிவிட்டது. வீட்டுக்கு வந்து குளித்து, வயலின் இனத்துப் பெரிய வாத்தியமான என் செல்லோவைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பும்போது மணி ஒன்றரை. சாப்பிட்டேனா என்பது நினைவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் மைசூரில் எங்களுடைய மேல்நாட்டு இசைக்குழு ஒன்று இருந்தது. முப்பது பேர் இருப்போம். பேண்டில் வாசித்து ஓய்வு பெற்றவர்கள், சர்ச்சில் ஆர்கன் வாசிப்பவர், கல்லூரி ஆசிரியர்கள், சனி ஞாயிறுகளில் பெங்களூரிலிருந்து வந்து சேர்ந்துகொள்ளும் சில மாணவர்கள். நடத்தியவர் ஓய்வுபெற்ற வேதியியல் பேராசிரியர். செல்லோவுக்கு இரண்டே பேர். ஒருவர் பல் டாக்டர் அம்மா, இன்னொருவன் நான். ராமாபுரத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்த குடும்பத்துப் பையனுக்கு இந்த வாத்தியம் எப்படிக் கிடைத்தது என்று எல்லோரும் கேட்பார்கள். சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. அடுத்த வீட்டில் குடியிருந்த பேண்டுக்காரர் ஊரைக் காலி செய்துகொண்டு போகும்போது கொடுத்துவிட்டுப் போனார். அவ்வளவுதான்.

அந்த வருடம் வெளிநாட்டிலிருந்து பெயர்பெற்ற செல்லோ கலைஞர் ஒருவர் எங்களோடு வாசிக்க ஒப்புக்கொண்டிருந்தார். அறுபதை நெருங்கிய பெண்மணி. அவருடைய கேசட்டை டாக்டர் அம்மாவிடம் இரவல் வாங்கி, டேப் இழுபடும்வரை கேட்டிருந்தேன். நான்கு மாதம் ஒத்திகை. அவரோடு வாசிக்கவிருந்த படைப்பின் இரண்டாவது பகுதியில், அவர் நிறுத்தும் இடத்தில், எங்கள் இரண்டு செல்லோக்களுக்கு மட்டும் எட்டு வரி மெட்டு உண்டு. வேலை முடிந்து வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் அந்த எட்டு வரியை வாசிப்பேன். சில நாள் வாசித்துக்கொண்டிருக்கும்போதே கண் சொருகும்.

அரங்கின் பின்னறைக்குள் நுழைந்தேன். மேசைமேல் அந்த வெளிநாட்டுக் கலைஞருடைய பெட்டி திறந்து கிடந்தது. உள்ளே செல்லோவின் கழுத்து அடியோடு முறிந்து, தந்திகள் தொய்ந்து தொங்கின. விமானத்தில் நடந்ததா, பெங்களூரிலிருந்து வந்த வழியில் நடந்ததா, யாருக்கும் தெரியவில்லை. அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, உடைந்த வாத்தியத்தின்மேல் ஒரு கையை வைத்திருந்தார். அழவில்லை. முகம் மட்டும் வீங்கினாற்போல் இருந்தது.

பேராசிரியர் என்னை வாசலுக்குக் கூட்டிப்போனார். "ஏனு மாடோது?" என்றார். என்ன செய்வது என்று அவர் கன்னடத்தில் என்னிடம் கேட்ட விதத்திலேயே, எங்கள் செல்லோக்களைக் கேட்கிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

இரண்டு செல்லோக்களையும் அந்தப் பெண்மணியிடம் கொடுத்தோம். டாக்டர் அம்மாவுடையது ஜெர்மனியில் வாங்கியது, வார்னிஷ் பளபளக்கும். என்னுடையதில் பக்கவாட்டில் ஒரு ஒட்டுப்போட்ட விரிசல் உண்டு. அதைத்தான் அவர் தேர்ந்தெடுத்தார். டாக்டர் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்தப் பெண்மணி தந்திகளுக்கடியில் உள்ள விரல் பலகையைத் தடவிப் பார்த்துவிட்டு நிமிர்ந்து ஆங்கிலத்தில் கேட்டார்.

"இது உங்களுடையதா?"

"ஆமாம்."

"கீழ்ச் சுரங்களின் பாதி நன்றாகத் தேய்ந்திருக்கிறது. மேல் சுரங்களின் பாதி புதிதாக இருக்கிறது. அங்கே நீங்கள் போவதே இல்லையா?"

அறையில் ஆறேழு பேர் இருந்தார்கள். "போவதற்கு நேரம் கிடைக்கவில்லை" என்றேன். அவர் தலையாட்டினார். கிண்டலாகச் சொல்லவில்லை என்பது தெரிந்தது. ஆனாலும் காது சூடேறிவிட்டது. பதினாறு வருடம் வாசித்தவன் எவ்வளவு தூரம் போயிருக்கிறான் என்பதை ஒரு தடவலில் கண்டுபிடித்துவிட்டார்.

இனி குழுவில் இருப்பது ஒரே செல்லோ என்பதால், எட்டு வரியை வயோலா வாசிப்பவர்களுக்குக் கொடுத்துவிடலாம் என்று பேராசிரியர் சொன்னார். சரி என்றேன். அந்த நேரத்தில் எனக்கு வருத்தமாகக்கூட இல்லை. இனி உட்கார்ந்திருந்தால் போதும் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதை நினைத்து அப்புறம்தான் வருத்தப்பட்டேன்.

மாலை ஆறு மணிக்கு அரங்கம் நிறைந்துவிட்டது. என் மனைவியும், ஹனூரிலிருந்து அன்று மதியம் பஸ் பிடித்து வந்திருந்த அவள் தங்கையும் பத்தாவது வரிசையில் இருந்தார்கள். நான் மேடையில் வாசிப்பதைப் பார்க்க அவர்கள் வந்தது அதுதான் முதல் தடவை. நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்ததும் மனைவி திடுக்கிட்டாள்.

"ஏனுங்க, நீங்க இங்க வந்து உக்காந்துட்டீங்க? மேல போகலீங்களா?"

"இன்னைக்கு நான் வாசிக்கல."

"ஏன், உடம்புக்கு ஏதாச்சுங்களா?"

நடந்ததைச் சொன்னேன்.  "நாலு மாசமா உயிரை விட்டீங்களே" என்றாள். 

அவர் மேடைக்கு வந்தார். கைதட்டல் எழுந்தது. மைத்துனி எட்டிப் பார்த்துவிட்டு என் பக்கம் சாய்ந்தாள்.

"மாமா, அந்தம்மா வெச்சிருக்கறது உங்க பொட்டியாட்டவே இருக்குதுங்களே?"

"என்னுதுதான்."

"அடக் கடவுளே! பத்திரமாத் திருப்பிக் குடுத்துருவாங்களா?"

எங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் திரும்பி முறைத்தார்.

முதல் பகுதி முழுவதும் நான் இசையைக் கேட்கவே இல்லை. என் செல்லோவில் ஒரு குறிப்பிட்ட சுரத்தில் வில் பட்டால் உறுமல் மாதிரி ஒரு நடுக்கம் வரும். பதினாறு வருடமாக அந்த இடத்தைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போவேன். எப்போது அந்தச் சுரம் வரும் என்று காத்திருந்தேன். வந்தது. அவர் முழங்கால்களால் வாத்தியத்தை இறுக்கிப் பிடித்து, வில்லை நிதானமாக அழுத்தினார். உறுமல் ஒரு கணம் தலைகாட்டியது. உடனே அது தடித்த, அடர்த்தியான ஒரு குரலாக மாறி அரங்கத்தின் கடைசிவரை போயிற்று. மேல் பாதிக்கும் போனார். அங்கே அவ்வளவு சத்தம் இருந்தது எனக்குத் தெரியாது. பொறாமை வந்ததா என்று கேட்டால், வந்தது. ஆனால் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்க உடம்பில் தெம்பில்லை.

இரண்டாவது பகுதி மெதுவாகத் தொடங்கியது. அவர் ஒரு நீண்ட சுரத்தைப் பிடித்தது நினைவிருக்கிறது. மின்விசிறியின் காற்று முகத்தில் பட்டதும் நினைவிருக்கிறது. அடுத்து எனக்குத் தெரிந்தது கைதட்டல் சத்தம்தான். எல்லோரும் எழுந்து நின்றார்கள். என் தலை மனைவியின் தோளில் இருந்தது.

"முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருச்சுங்க."

"எழுப்பியிருக்கலாமில்ல?"

"எழுப்ப மனசு வரலீங்க" என்றாள்.

வாத்தியத்தை வாங்கிக்கொள்ளப் பின்னறைக்குப் போனேன். மாலை போடவும் கையெழுத்து வாங்கவும் வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அவர் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என் செல்லோவைத் துணியால் துடைத்து உறைக்குள் வைத்திருந்தார்.

"இரண்டாவது பகுதி எப்படி இருந்தது?" என்று கேட்டார். "அதில்தான் எனக்கு உங்கள் வாத்தியம் பழகியது."

பிரமாதம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவும் வாயெடுத்தேன். "நான் தூங்கிவிட்டேன்" என்று வந்துவிட்டது. "காலை நாலரைக்கு எழுந்தேன். மன்னித்துக்கொள்ளுங்கள்."

 அவர் சிரித்தார், சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்க. சிரிப்பு நின்றபோது கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நான் தூங்கி இரண்டு நாளாகிறது. உங்களுக்குப் பதிலாக அங்கே உட்கார்ந்திருக்கலாம் போலிருந்தது." அப்புறம், "முப்பது வருடமாக என்னோடு இருந்தது" என்றார், மேசைமேல் இருந்த பெட்டியைக் காட்டி.

உடைந்த செல்லோவைக் கட்டிவைக்க உதவினேன். பெட்டிக்குள் கழுத்து அசையாமலிருக்க எதையாவது திணிக்க வேண்டியிருந்தது. மேடை நாற்காலிகளிலிருந்து இரண்டு வெல்வெட் மெத்தைகளைப் பேராசிரியர் கொண்டுவந்தார். அந்தப் பெண்மணி பிடித்துக்கொள்ள, நான் கயிறு கட்டினேன். ஸ்டோர்ஸில் தினமும் கட்டுகிற அதே முடிச்சு. இழுத்துப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்றார். அவர் என் கைவேலையைப் பாராட்டியது அந்த முடிச்சுக்காக மட்டும்தான்.

அந்த வாத்தியம் சரியாயிற்றா என்பது எனக்குத் தெரியாது. குழு அதற்குப் பிறகு இரண்டு வருடம் இருந்தது. மாணவர்கள் வேலைக்குப் போனார்கள், பேராசிரியருக்குக் காது மந்தமானது. நடுவில் ஒரு கச்சேரியில் வேறொரு மெட்டை வாசித்தேன். பரவாயில்லை என்றார்கள்.

அன்று வீட்டுக்கு ஆட்டோவில் திரும்பினோம். செல்லோ பாதி இடத்தை அடைத்துக்கொண்டதால் மைத்துனி மனைவியின் மடியில் பாதி உட்கார்ந்து வந்தாள். சிக்னலில் நின்றபோது மனைவி திடீரென்று கேட்டாள்.

"ஏனுங்க, அந்தம்மாவுக்கு யாராச்சும் சாப்பிடக் குடுத்தாங்களா?"

அந்த அறையை நினைத்துப் பார்த்தேன். மாலைகள் இருந்தன, பூங்கொத்து இருந்தது, பாதி குடித்த ஒரு தண்ணீர் பாட்டில் இருந்தது.

"தெரியலை" என்றேன்.

"நீங்களாவது கேட்டிருக்கலாம்" என்றாள். ஆட்டோ கிளம்பியது.