உயிரோடிருக்கும் முத்தையா

கடிதம் கைக்கு வந்த ஏழு வேலை நாட்களுக்குள் பதில் போக வேண்டும். பதில் தயாராகாவிட்டால் 'தங்கள் கடிதம் கிடைத்தது' என்றாவது ஒரு வரி போக வேண்டும். நான் வேலை பார்த்த அலுவலகத்தின் கையேட்டில் இப்படி ஒரு விதி இருந்தது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அதை வாசித்துக் காட்டுவதே என் பொறுப்பு. ஆனால் அதை ஒழுங்காகக் கடைப்பிடித்தவர் என்று எனக்குத் தெரிந்தவர் ஒரே ஒருவர். அவர் எங்கள் அலுவலகத்துக்காரர் இல்லை. நான் பிறப்பதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்ட ஒரு பத்திரிகை ஆசிரியர்.

போன வாரம் எங்கள் பர்மிய ஊரின் தின்கன்ஜூன் சந்தையில் ஆறு டீ கப் வாங்கினேன். கடைப் பெண் அவற்றைக் காற்றுக் குமிழி பிளாஸ்டிக்கில் சுற்றிக் கொடுத்தாள். வீட்டுக்கு வந்து ஒவ்வொரு குமிழியாக உடைத்துக்கொண்டிருந்தேன். ஓய்வு பெற்றவனுக்கு வேறென்ன வேலை? ஒரு காலத்தில் இதே ஊரில் டீ கப்புகளை எதில் சுற்றினார்கள் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

நான் வேலையில் இருந்த காலத்தில் எங்கள் தெருவில் தனலட்சுமி அக்கா இருந்தார். தொடக்கப்பள்ளியில் தற்காலிக ஆசிரியை. தெருவுக்கெல்லாம் அவர் 'சயாமா', டீச்சரம்மா. எனக்கு மட்டும் தனக்கா. எத்தனையோ வருடமாகத் தற்காலிகம். வேலை நிலைக்க வேண்டுமானால் குடியுரிமை அட்டை வேண்டும். அட்டை வேண்டுமானால் அவருடைய அப்பா போருக்கு முன்பே இந்த ஊரில் வாழ்ந்ததற்கு எழுத்தில் சான்று வேண்டும். அப்பா முத்தையா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். எழுதப் படிக்கத் தெரியாது. இருந்த காகிதங்களும் குண்டு விழுந்தபோது வீட்டோடு எரிந்துபோயின.

"எங்கப்பாவுக்கு பேப்பர்காரர் ஒரு தடவ கடுதாசி போட்டாராம் தம்பி. அதையே பெருமையாச் சொல்லிக்கிட்டு இருப்பாரு. ஏதோ இவரு செத்துட்டாருன்னு பேப்பர்ல போட்டுட்டாங்களாம்."

விஷயம் இதுதான். ஆற்றில் த்வாண்டே ஊருக்குப் போன லாஞ்சு ஒன்று கவிழ்ந்தது. யார் யார் ஏறினார்கள் என்று மேஸ்திரி சொன்ன பட்டியலைத் தமிழ்ப் பத்திரிகை அப்படியே போட்டுவிட்டது. முத்தையா லாஞ்சைத் தவறவிட்டவர். தம் பெயரை யாரோ வாசித்துக் காட்டக் கேட்டு, மனு எழுதுபவரைப் பிடித்து, 'நான் சாகவில்லை' என்று பத்திரிகைக்கு எழுதிப் போட்டிருக்கிறார். அதற்கு வந்த பதிலும் வீட்டோடு எரிந்துவிட்டது.

எரிந்தது சரி, நகல் இருக்குமே என்று என் மூளை ஓடியது. அந்தக் காலத்து ஆபீஸ்களில் மெல்லிய தாள் புத்தகம் ஒன்று உண்டு. கடிதத்தைத் தனி மசியில் எழுதி, அந்தத் தாளை ஈரமாக்கி, இரண்டையும் சேர்த்து இரும்பு யந்திரத்தில் வைத்துத் திருகினால் எழுத்து நகலாகப் பதிந்துவிடும். பத்திரிகை நின்றுபோய் வெகுகாலம். அது இருந்த கட்டடத்தில் யூசுப் காக்கா கண்ணாடிச் சாமான் கடை வைத்திருந்தார். தனக்காவை அழைத்துக்கொண்டு போனேன்.

"வாங்க சயே தம்பி" என்றார் காக்கா. குமாஸ்தாவுக்கு இங்கே அதுதான் பெயர். அவர் வாயில் அது பட்டமாகவும் கேட்கும், கிண்டலாகவும் கேட்கும். "பழைய பொஸ்தகமா? மாடியில கெடக்கு. நல்ல சன்னத் தாளு. கப்பு சுத்த அதவிட ஒண்ணு கெடையாது. பாதி சுத்தி அனுப்பியாச்சு."

"எங்கே அனுப்பினீங்க?"

"கியாக்தான், த்வாண்டே, எல்லா டீக்கடைக்கும்தான். ஒரு கப்பு ஒடஞ்சதா புகார் இல்ல, பாத்துக்கங்க."

தனக்கா படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மாடியில் மிஞ்சியிருந்தவை பதினேழு புத்தகங்கள். நான் ஆவணப் பிரிவில் மூத்த எழுத்தனாக இருந்தவன், ஒழுங்கான கோப்பு எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும் என நினைத்துக்கொண்டிருந்தேன். முதல் புத்தகத்தைத் திறந்த பத்தாவது நிமிடம் அந்த நினைப்பு போய்விட்டது. காகித வியாபாரிக்குப் பதில். கப்பல் கம்பெனிக்கு, கப்பலின் திறந்த தட்டில் பயணம் செய்யும் ஏழைகளுக்குக் குடிதண்ணீர் கொடுக்காதது ஏன் என்று கேட்டு நான்கு கடிதங்கள், ஒவ்வொன்றும் முந்தியதைவிட மரியாதையாகவும் முந்தியதைவிடக் காரமாகவும். கவிதை அனுப்பியவருக்கு, 'கவிதை கிடைத்தது. தங்கள் கையெழுத்து மிக அழகு.' ரயில்வேயில் வேலை பார்த்த மகனிடமிருந்து தகவல் இல்லை என்று இராமநாதபுரத்திலிருந்து எழுதிய தாய்க்கு, 'நேரில் போய்ப் பார்த்தேன், நலமாயிருக்கிறான், எழுதாததற்குக் காரணம் சோம்பல்.' ஒவ்வொரு பதிலின் மூலையிலும் கடிதம் வந்த நாளும் பதில் போன நாளும் இருந்தன. இரண்டுக்கும் நடுவே நான்கு நாளுக்கு மேல் போனதை நான் பார்க்கவில்லை. அவர் ஒரு ஆள். எங்கள் பிரிவில் நாங்கள் பதினொரு பேர்.

எழுத்து தாளின் முதுகில் பதிந்திருந்தது. முன்பக்கத்திலிருந்து, அடியில் வெள்ளைத் தாள் வைத்து வாசிக்க வேண்டும். மூச்சு விட்டாலே தாள் எழும்பியது. தனக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வாசித்தார்.

நான் திரும்பத் திரும்பப் புரட்டியது ஒவ்வொரு புத்தகத்தின் முன்னாலும் இருந்த பெயர் அட்டவணையை. துறைமுகத்தில் ராமசாமிகள் நூறு பேர், முத்தையாக்கள் ஐம்பது பேர். முகவரியும் பெரும்பாலோருக்கு ஒரே கூலி லயன். ஆகவே ஆசிரியர் ஒவ்வொருவரையும் அவரவர் கவலையை வைத்துக் குறித்திருந்தார். ராமசாமி, தம்பியைத் தேடுபவர். ராமசாமி, விரல் போனவர். ராமசாமி, ஊர் திரும்ப விரும்பாதவர். முப்பது வருடம் நான் மனிதர்களை எண்களாக மாற்றிக்கொண்டிருந்தேன். அது தவறு என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

பதினான்காவது புத்தகத்தில் தனக்காவின் விரல் நின்றது. "தம்பி, இங்க பாருங்க." முத்தையா, கண் நோய். முத்தையா, அண்ணன் மீது வழக்கு. அதற்குக் கீழே: முத்தையா, உயிரோடிருப்பவர்.

பக்கத்தைப் புரட்டினோம்.

'ஐயா, தாங்கள் உயிரோடிருப்பதாக எழுதிய கடிதம் இன்று கிடைத்தது. மிக்க மகிழ்ச்சி. இறந்ததாக வெளியிட்டதற்கு மன்னிப்புக் கோருகிறோம். வெள்ளிக்கிழமை இதழில் திருத்தம் வரும். நமது பத்திரிகை கப்பலில் தங்கள் ஊர் போய்ச் சேருமுன் தங்கள் தாயாருக்குச் செய்தி கிடைக்கும்படி இன்று காலை தந்தி கொடுத்திருக்கிறோம்.'

தலைப்பில் போருக்கு முந்திய நாளும் முத்தையாவின் தெருவும் கதவு எண்ணும் இருந்தன. சான்றுக்கு அது போதும். ஆனால் தனக்கா பார்த்தது அந்தக் கடைசி வரியை. "அதான் அப்பாவோட ஆத்தாவுக்குச் சாவுச் சேதியே போகல. அப்பாவ ஒரு நாள்கூட பேப்பர்காரர் சாகவிடல" என்றார். காக்கா தொப்பியைக் கழற்றிவிட்டு, "யாபாடே, பரவாயில்ல, எடுத்துட்டுப் போங்க. இதுக்குக் காசா வாங்குவேன்?" என்றார்.

குடியுரிமை அலுவலகம் அந்தப் பக்கத்திலிருந்து நான் எழுதிக் கொடுத்த நகலை ஏற்கவில்லை. முழுப் புத்தகத்தையும் வாங்கி வைத்துக்கொண்டு, 'பழைய புத்தகம் ஒன்று' என்று ரசீது கொடுத்தது. மனு நிலுவையில் இருக்கும்வரை மனுதாரரை வேலையிலிருந்து எடுக்கக் கூடாது என்று ஒரு விதியை நான் தேடிப் பிடித்துத் தலைமையாசிரியையிடம் காட்டினேன். அவரும் பள்ளி திறக்கும்போதெல்லாம், "பதில் வந்துச்சா? வரலையா? நல்லது, வகுப்புக்குப் போங்க" என்று அனுப்பிவிடுவார். இல்லை என்று பதில் வந்தால் அன்றோடு வேலை போய்விடும்.

"வராம இருக்கிறவரைக்கும் லாபம்தான் அக்கா" என்றேன் ஒருநாள்.

"உங்களுக்கு எல்லாம் விளையாட்டு தம்பி. எங்கப்பா இங்க இருந்தாரா இல்லையான்னு யாராவது எழுதித் தர வேணாமா?"

அதற்குப் பிறகு நான் அந்த வேடிக்கையைப் பேசவில்லை.

மிச்சப் பதினாறு புத்தகங்களை எங்கள் ஆவண அறையில் வைக்க அனுமதி கேட்டு மேலதிகாரிக்குக் குறிப்பு எழுதினேன். பதில் இல்லை. நினைவூட்டல் எழுதினேன். நினைவூட்டலுக்கு நினைவூட்டல் எழுதினேன். சைக்கா என்கிற சைக்கிள் ரிக்ஷா ஒன்றைக் கூப்பிட்டு, எல்லாவற்றையும் ஏற்றி என் வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கலாம். தோன்றவில்லை. நடைமுறை முழுதும் தெரிந்தவனுக்கு வரும் நோய் அது. ஒரு மழைக்காலம் காக்கா காத்திருந்தார். அடுத்த மழைக்குக் கூரை ஒழுகியது, வியாபாரமும் சூடுபிடித்தது. தம்பியைத் தேடியவரும் விரல் போனவரும் கண் நோய்க்காரரும் கப்பைச் சுற்றிக்கொண்டு லாஞ்சு ஏறிப் போய்விட்டார்கள். பிறகு காக்கா போனார், கட்டடம் போனது. இப்போது அங்கே செல்போன் விற்கிறார்கள். அந்த ஆசிரியரின் பெயரைக் கேட்டால் சொல்ல இந்தத் தெருவில் ஆள் இல்லை. அவர் யாருக்கெல்லாம் பதில் எழுதினார் என்பதற்கு ஒரே ஒரு புத்தகம், ஏதோ ஒரு கோப்பில், ஏதோ ஓர் அலமாரியில் இருக்கலாம்.

நான் ஓய்வு பெறுவதற்கு முன்பே ஒருநாள் மனுவுக்குப் பதில் வந்தது; தனக்கா அந்த உறையைப் பிரிக்காமலே அலுவலகத்தில் என் மேஜைக்கு வந்தார். சுண்ணாம்புக் கட்டித் தூள் கையில் அப்படியே இருந்தது. "நீங்க பிரிங்க."

பர்மிய மொழியில் இரண்டே வரி. மனுதாரரின் தந்தை முத்தையா மேற்படி முகவரியில் வாழ்ந்து வந்தது ஏற்கப்படுகிறது. மனுதாரர் அட்டை பெற்றுக்கொள்ள நேரில் வரவும்.

"முதல் வரிய இன்னொரு தடவ."

வாசித்தேன். மூன்றாம் முறையும் வாசித்தேன். பிறகு அவர் என் பேனாவை வாங்கி, உறையின் மூலையில், கரும்பலகையில் எழுதுவது போல நிறுத்தி நிறுத்தி, பர்மிய மாதக் கணக்கில் எழுதினார்: கிடைத்தது, தசௌங்மோன் தேய்பிறை மூன்றாம் நாள், புதன்கிழமை.