என் எடை அறுபத்தெட்டு

புதுச்சேரிக்காரர்களுக்கு விமான நிலையம் என்றால் மீனம்பாக்கம்தான். கடல் நம் பக்கத்தில், வானம் சென்னைக்காரன் பக்கத்தில். ஒருவர் பிரான்சுக்குப் பறக்க, பதினொரு பேர் வேனில் போவோம். புளிசாதம் உண்டு, அழுவதற்கென்றே இரண்டு பேர் உண்டு.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருடங்களில் ஒரு நாள் சித்தி முதன்முதலாக விமானம் ஏறக் கிளம்பினாள். பாரீசில் இருந்த அவள் மகளுக்கு, என் தங்கைக்கு, நான்காம் மாதம். தண்ணீர் குடித்தாலும் வெளியே வந்தது. போனில் அவள் கேட்டது ஒன்றே ஒன்று: வீராம்பட்டினத்து நெத்திலிக் கருவாடு. "அது இருந்தா ரெண்டு வாய் சோறு எறங்கும்மா." சித்தி இரண்டு கிலோ வாங்கி ஐந்து பிளாஸ்டிக் பைகளுக்குள் சுற்றினாள். ஐந்தையும் தாண்டி வாசனை வெளியே வந்து ஆட்டம் காட்டியது.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம். யார் பிரான்சுக்குக் கிளம்பினாலும் அங்கிருக்கும் தன் பிள்ளைக்கென்று ஆளாளுக்கு ஒரு பொட்டலம் கொடுத்துவிடுவார்கள். வாங்கியவர் பிரித்துப் பார்க்கக் கூடாது. பிரித்தால் பேச்சு நின்றுவிடும். என் அம்மாவும் பாரீசில் இருக்கும் என் தம்பிக்கு ஒன்று கொடுத்தாள். உள்ளே இருந்தது தோசைக்கல். வருடக்கணக்கில் எண்ணெய் குடித்து மினுமினுத்த நாலு கிலோ இரும்பு.

"ஒன் சித்திகிட்ட வேட்டின்னு சொல்லு."

"வேட்டி இப்புடியா கனக்கும்?"

"கஞ்சி போட்ட வேட்டின்னு சொல்லேன்டா!"

பெட்டி இருபது கிலோவைத் தாண்டக் கூடாது. எடை மெஷினில் நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறினேன். சித்தி குனிந்து முள்ளைப் பார்த்தாள். "எம்பத்தெட்டு. ஒன் எடை எவ்ளோடா?"

"அறுபத்தெட்டு," என்றேன்.

அறுபத்து நாலுதான். ஒரு தோசைக்கல்லைக் காப்பாற்ற ஒரே மூச்சில் நாலு கிலோ பெருத்தேன். "கணக்கா இருபது!" என்று சித்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற சித்தப்பா மட்டும் என்னை ஏற இறங்கப் பார்த்து, "இவன் அறுபத்தெட்டா? எங்க வச்சிருக்கான் அத்தன கறிய?" என்றார்.

மீனம்பாக்கத்தில் நுழைவுச் சீட்டு வாங்கிக்கொண்டு வழியனுப்பும் கூடம்வரை நான் மட்டும் போனேன். மற்றவர்கள் வெளியே கண்ணாடியில் மூக்கை ஒட்டி நின்றார்கள். உள்ளே போன சித்தி சிறிது நேரத்தில் தள்ளுவண்டியோடு திரும்பி வந்தாள். முகம் வெளிறியிருந்தது.

"நாலு கிலோ அதிகமாம். அர மணி நேரத்துல கொறச்சிக்கிட்டு வரணுமாம். நம்ம மெஷின் பொய் சொல்லிடுச்சிடா."

பாவம் மெஷின்.

அங்கேயே தரையில் பெட்டியைத் திறந்தாள். நெத்திலி கூடம் முழுவதும் எழுந்து நடந்தது. காவலர் ஒருவர் ஓடி வந்தார். "என்னம்மா, மீன் மார்க்கெட்டயே பேக் பண்ணிட்டீங்களா?"

"மார்க்கெட் இல்ல தம்பி, மருந்து. எம்பொண்ணு மாசமா இருக்கா."

"எங்க வீட்லயும் அதே மருந்துதான்," என்று சொல்லிவிட்டு அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

சித்தி தன் புடவைகளை எல்லாம் எடுத்து என் தோளில் போட்டாள். இரண்டு கிலோ குறைந்திருக்கும். இன்னும் இரண்டு. தெருக்காரர்களின் பொட்டலங்கள் ஒவ்வொன்றையும் தொட்டாள்; தொட்டதை அப்படியே வைத்தாள். "குடுத்தவங்க கேட்டா என்ன சொல்லுவேன்?" கடைசியில் அவள் கை கருவாட்டின் மேல் போய் நின்றது. எடுக்கவும் இல்லை, விடவும் இல்லை. கண்கள் நிறைந்துவிட்டன. "புள்ள ஒரு வாய் சோறு தின்னும்னு நெனச்சேன்..."

இத்தனை வருடங்களில் எத்தனையோ பொய்களோடு சௌக்கியமாகக் குடித்தனம் நடத்தியிருக்கிறேன். அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு மட்டும் நிற்க முடியவில்லை.

"சித்தி, அதை வைங்க. எங்கம்மா பொட்டலத்த எடுங்க."

"அக்கா ஆசையா குடுத்த வேட்டிடா!"

"வேட்டி இல்ல. தோசைக்கல்லு."

சித்தி என்னைப் பார்த்தாள். பொட்டலத்தை உருவி விரலால் தட்டினாள். டங்கென்றது. "ஒங்கம்மா என்ன, இரும்புலயா நெய்யறா?" பிறகு கண்ணைச் சுருக்கி, "நெசமா ஒன் எடை எவ்ளோடா?"

"அறுபத்து நாலு."

சப்பென்று முதுகில் ஒன்று விழுந்தது. கண்ணாடிக்கு வெளியே சித்தப்பா, எதற்கென்றே தெரியாமல், இன்னொன்று போடச் சொல்லிக் கைகாட்டினார். தோசைக்கல் என் கக்கத்துக்கு வந்தது, புடவைகள் பெட்டிக்குத் திரும்பின. சித்தி தள்ளுவண்டியை ஓட்டமும் நடையுமாகத் தள்ளிக்கொண்டு போனாள். இந்த முறை திரும்பி வரவில்லை.

அம்மா என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் பூத்துக்குப் போய்த் தங்கைக்கு போன் போட்டேன். வெகு நேரம் மணி அடித்த பிறகு எடுத்தாள்.

"எப்புடிம்மா இருக்க? வாந்தி நின்னுச்சா?"

மறுமுனையில் மெல்லும் சத்தம். பின்னால் சித்தியின் குரல்: "மெதுவாத் தின்னுடி, முள்ளு இருக்கும்."

"அண்ணே, வாயில சோறு," என்றாள் தங்கை. "அப்புறமா பண்ணு." வைத்துவிட்டாள்.