சாம்பல் கட்டத்தில் ஒரு பெயர்

எங்கள் தெருமுனை கம்ப்யூட்டர் கடையில் விண்ணப்பம் நிரப்பித் தரும் பெண்மணிக்கு ஊரே வைத்த பெயர் டிக் அக்கா. திரையில் ஒரு சின்னச் சதுரத்தில் அவர் டிக் வைத்தால், மங்கிக் கிடந்த கட்டங்கள் வெள்ளை வெளேரென்று விழித்துக்கொள்ளும். டிக்கை எடுத்தால் சாம்பல் பூத்துத் தூங்கிப்போகும். அப்புறம் அதில் ஓர் எழுத்துகூடத் தட்ட முடியாது. வேலைவெட்டி இல்லாத நான் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, மீன்தொட்டி பார்ப்பதுபோல் இதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கண் சொக்கும்.

எதிர் மேசையில் பதினாறு வருடமாக ஜெராக்ஸ்காரர். அக்கா அச்சுக்குக் கொடுப்பதெல்லாம் அவர் மெஷினில்தான் வரும். இருவருமே தனியாள். "பேப்பர் இருக்கா?" "இருக்கு." பேச்சு அவ்வளவுதான். ஆனால் ஒரு மழைநாளில் அவர் குடை அக்கா வீட்டு வாசலில் காய்ந்ததை நான் பார்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை. நாலைந்து பேரிடம்தான் சொன்னேன்.

அன்று அக்கா தனக்கே ஒரு விண்ணப்பம் போட்டார். அரசாங்கம் குலுக்கலில் தரும் வீடு. அன்றுதான் கடைசி நாள்; ஐந்து மணியோடு சரி. ஒற்றையாள் என்று அனுப்பினால் ஒற்றை அறை. பிறகு மாற்றவே முடியாது.

'உடன் வசிப்பவர் உண்டு' என்ற சதுரத்தில் டிக் வைத்தார். பெயர்க் கட்டம் விழித்தது. ஏதோ ஒரு பெயரைத் தட்டினார். கொஞ்ச நேரம் அதையே பார்த்திருந்துவிட்டு டிக்கை எடுத்தார். பெயர் அழியவில்லை; பனிக்குள் நிற்கும் ஆள்போல் சாம்பலில் தெரிந்தது.

"என்னக்கா, அழிக்கலையா?"

"எதுக்கு? சாம்பலா இருக்கறது ஆபீசுக்குப் போகாது. அது பாட்டுக்கு இருக்கட்டும். உன் வாய்தான் சும்மா இருக்காது."

அனுப்புமுன் ஒரு நகல் எடுத்துச் சரிபார்ப்பது அக்காவின் வழக்கம். பழகிய விரல் தானாக அச்சுக்குத் தட்டிவிட்டது. சாம்பல் ஆபீசுக்குத்தான் போகாது. மெஷினுக்கு அந்த விவரமெல்லாம் ஏது?

ஜெராக்ஸ்காரர் தாளை எடுத்தார். அதன் ஓரம் காற்றில் படபடக்க, கண்ணருகே கொண்டுபோய்ப் படித்தார்.

"இதுல என் பேரு மங்கலா இருக்கே."

அந்த மனிதருக்கு ஒரு பெயர் உண்டென்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

அக்கா திரையைவிட்டுத் திரும்பவில்லை. "மை தீர்ந்திருக்கும்."

"காலையிலதான் போட்டேன்."

"அப்ப கோளாறு மெஷின்ல இல்ல" என்றேன்.

"நீ கிளம்புடா!" இருவரும் ஒரே குரலில்.

மணி நாலே முக்கால். பதினாறு வருடத்தில் முதல்முறையாக அவர் மேசையைச் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தார்.

"டிக் வெச்சா தெளிவா வருமா?"

"வரும். ஆனா என்ன உறவுன்னு கேக்கும்."

"கேக்கட்டும்."

அவரே மவுஸைத் தட்டினார். கட்டங்கள் வரிசையாக விழித்தன. 'உறவு' என்ற கட்டத்தில் கோடு மின்னி மின்னிக் காத்திருந்தது. அக்கா கீபோர்டை அவர் பக்கம் நகர்த்தினார்.

என்ன தட்டுகிறார் என்று கழுத்து சுளுக்கும் அளவுக்கு எட்டிப் பார்த்தேன். அந்த மனிதர் கையிலிருந்த தாளாலேயே திரையை மறைத்துவிட்டார்.